ஜவ்வரிசி இணையதளம்: பக்கம் கட்டும் முன் உள்ளடக்கத்தை எப்படித் திட்டமிடுவது?

கணினி ஆசிரியை, சேலம்

அனைவருக்கும் வணக்கம். சேலத்தில் ஒரு மேல்நிலைப் பள்ளியில் பதினொன்றாம் வகுப்புக்குக் கணினிப் பயன்பாடுகள் பாடம் நடத்துகிறேன். பாடத்தில் எச்.டி.எம்.எல். வருவதால், ஆண்டுதோறும் மாணவர்களைக் கொண்டு ஒரு சிறு இணையதளம் உருவாக்குகிறோம். சென்ற ஆண்டு சேலம் மாவட்டம் முழுவதையும் எடுத்துக்கொண்டு, மேட்டூர் அணை, உருக்காலை, மாம்பழம், வெண்பட்டு, ஏற்காடு என்று ஆளுக்கொரு பக்கம் கொடுத்தோம். முகப்பில் படங்கள் நகர்ந்தன. பொத்தான்கள் நிறம் மாறின. ஆனால் எந்தப் பக்கத்தையும் இரண்டாம் முறை படிக்க எனக்கே மனம் வரவில்லை. அத்தனையும் எங்கெங்கிருந்தோ அள்ளி ஒட்டியவை. தளத்தின் தோற்றத்துக்கு ஆறு வாரம் செலவழித்துவிட்டு, எழுத்துக்கு ஒரு வாரம்தான் ஒதுக்கியிருந்தேன். அந்தத் தவறு என்னுடையது.

இந்த ஆண்டு ஒரே பொருள் போதும் என்று ஜவ்வரிசியைத் தேர்ந்தெடுத்தோம். வகுப்பில் 34 பேர். அவர்களில் பலருடைய வீட்டில் யாராவது ஒருவர் ஜவ்வரிசி செய்யும் சேகோ ஆலையிலோ கிழங்குக் காட்டிலோ வேலை பார்த்தவர். இருந்தும் முதல் வரைவு எப்படி வந்தது தெரியுமா? "ஜவ்வரிசி என்பது ஒரு வகைப் பனை மரத்தின் தண்டிலிருந்து எடுக்கப்படும் மாவுப்பொருள்" என்று ஒரு மாணவி அழகான கையெழுத்தில் எழுதியிருந்தாள். தென்கிழக்காசியாவின் சேகோ பனையைப் பொறுத்தவரை அது சரிதான். ஆனால் சேலத்து ஜவ்வரிசி மரவள்ளிக் கிழங்கிலிருந்து வருகிறது. அந்த மாணவியின் பாட்டி பல ஆண்டுகள் ஆலைக் களத்தில் ஜவ்வரிசி காய வைத்தவர் என்பது பிறகுதான் எனக்குத் தெரியவந்தது. "பாட்டியிடம் கேட்டாயா?" என்றேன். "அவங்களுக்கு இதெல்லாம் எழுதத் தெரியாது மிஸ்" என்றாள்.

அந்தப் பதிலிலிருந்து என்னால் வெளிவர முடியவில்லை. எழுதத் தெரியாதவருக்குச் சொல்லத் தெரியும் என்பதை இந்தப் பிள்ளைகளுக்கு எப்படிப் புரியவைப்பது? எட்டு வாரம் கையில் இருக்கிறது. எந்தெந்தப் பக்கங்கள் வேண்டும், யாரிடம் கேட்க வேண்டும், எந்த வரிசையில் வேலையைப் பிரிக்க வேண்டும் என்று அனுபவமுள்ளவர்கள் வழி சொன்னால் நன்றியுடையவளாக இருப்பேன்.

நூலகர், ஏற்காடு

வணக்கம் அம்மா. நான் மலைமேல் இருப்பவன்; இங்கே காபியும் மிளகும்தான் பேச்சு. ஆனால் பள்ளிப் பிள்ளைகள் செயல்திட்டத்துக்காக நூலகத்துக்கு வருவதைப் பல ஆண்டுகளாகப் பார்த்துவருவதால் சிலவற்றைச் சொல்ல முடியும்.

பிள்ளைகள் முதலில் தலைப்பை எழுதுகிறார்கள்: முன்னுரை, வரலாறு, பயன்கள், முடிவுரை. இந்த நான்கு பெட்டிகளும் காலியாக இருக்கும்போது அவற்றை நிரப்ப எங்கிருந்தாவது எதையாவது கொண்டுவரத் தோன்றும். ஒட்டும் பழக்கம் சோம்பலால் வருவதில்லை. அந்தக் காலிப் பெட்டிகளால் வருகிறது என்பது என் கருத்து. எனவே தலைப்புக்குப் பதில் கேள்வியிலிருந்து தொடங்குங்கள். ஒவ்வொரு மாணவரும் ஐந்து பேரிடம், "ஜவ்வரிசியைப் பற்றி உங்களுக்கு என்ன தெரிந்துகொள்ள வேண்டும்?" என்று கேட்டு, கேட்டதைக் கேட்டபடியே ஒரு துண்டு அட்டையில் எழுதி வரட்டும். 34 பேர் என்றால் 170 அட்டைகள். தரையில் பரப்பி, ஒத்தவற்றை ஒன்றாகக் குவியுங்கள். எத்தனை குவியலோ அத்தனை பக்கம். ஒரு பக்கத்துக்கு விடை சொல்ல வேண்டிய கேள்வி இல்லையென்றால் அந்தப் பக்கமே தேவையில்லை.

அடுத்தது, தகவல் குறிப்பேடு. மூன்று பத்தி (நெடுவரிசை) போதும்: செய்தி, அது எங்கிருந்து கிடைத்தது, யார் சரிபார்த்தார். மூன்றாவது பத்தி காலியாக இருக்கும் செய்தி தளத்தில் ஏறக் கூடாது. பாட்டி சொன்னதும் இதில் வர வேண்டும். "களத்தில் வேலை செய்தவர் சொன்னது" என்று எழுதினால் அதுவும் மதிப்புள்ள ஆதாரமே.

எண்களில் ஓர் எச்சரிக்கை தேவை. "சேலம் மாவட்டம்" என்ற சொல் எல்லாக் காலத்திலும் ஒரே நிலப்பரப்பைக் குறிக்காது. 1965இல் தருமபுரி பிரிந்தது. 1997இல் நாமக்கல் பிரிந்தது. 1918இல் ஆங்கிலேய அதிகாரி ரிச்சர்ட்ஸ் எழுதிய மாவட்ட விவரச்சுவடியில் வரும் சேலம், இன்றைய தருமபுரி, கிருஷ்ணகிரி வரை நீளும். ஒரு மாணவர் 1990ஆம் ஆண்டின் சாகுபடிப் பரப்பையும் இன்றைய பரப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, "மரவள்ளி குறைந்துவிட்டது" என்று எழுதினால், அவர் ராசிபுரத்தையும் சேந்தமங்கலத்தையும் கணக்கிலிருந்து தொலைத்திருப்பார். ஆண்டும் எல்லையும் இல்லாத எண்ணைத் தளத்தில் அனுமதிக்காதீர்கள்.

கிழங்குக் காட்டுக்காரர், ஏத்தாப்பூர் பக்கம்

ஆசிரியை அவர்களுக்கு வணக்கம். ஜவ்வரிசி என்றதும் எல்லாரும் ஆலையிலிருந்து ஆரம்பிக்கிறார்கள். அதற்கு முன்னால் எட்டு, பத்து மாதம் கிழங்கு மண்ணுக்குள் இருக்கிறது. எங்கள் வேலை அந்த மாதங்களில்தான். தயவுசெய்து பிள்ளைகளை முதலில் காட்டுக்கு அழைத்து வாருங்கள்.

இன்னொரு வேண்டுகோள், சொற்களைப் பற்றியது. பாடப்புத்தகத்தில் மரவள்ளி, எங்கள் வாயில் குச்சிக் கிழங்கு. விதைப்பதில்லை, தண்டைத் துண்டு போட்டுக் கரணையாக நடுகிறோம். ஆலையில் கிழங்குக்கு விலை பேசும்போது பாயிண்ட் கணக்கு. கிழங்கில் மாவுச்சத்து எவ்வளவு என்று சோதித்து, இத்தனை பாயிண்ட் என்று சொல்லி, ஒரு பாயிண்டுக்கு இத்தனை ரூபாய் என்று தீர்ப்பார்கள். அரைத்துப் பால் எடுத்த பிறகு மிஞ்சும் சக்கை திப்பி. அது மாட்டுத் தீவனத்துக்குப் போகும். இந்தச் சொற்களை மாற்றிவிட்டு "கழிவுப்பொருள்", "விலை நிர்ணய அளவுகோல்" என்று எழுதினால், எங்கள் ஊரில் படிப்பவருக்கே அது வேறு ஊர்ச் சமாச்சாரமாகத் தோன்றும். சொல்லை அப்படியே வைத்து, அறியாதவருக்காக ஒரு வரி விளக்கம் சேர்த்தால் போதும்.

ஏத்தாப்பூரில் மரவள்ளி, ஆமணக்கு ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. வேளாண் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தது. முன்கூட்டியே கடிதம் எழுதி அனுமதி கேளுங்கள். 2020இல் மரவள்ளி மாவுப்பூச்சி நம் நாட்டுக்குள் நுழைந்து, சீக்கிரமே இந்தப் பக்கமும் பரவியது. குருத்தெல்லாம் முடிச்சு முடிச்சாகச் சுருண்டு நின்றபோது என் அப்பா வரப்பில் உட்கார்ந்துவிட்டார். மருந்தடித்து ஓயவில்லை. வெளிநாட்டிலிருந்து வரவழைத்த ஒட்டுண்ணிக் குளவியை 2022இல் இங்கே விட்டார்கள். பூச்சியைப் பூச்சியால் கட்டுப்படுத்திய இந்தக் கதையைப் பிள்ளைகள் நேரில் கேட்டு எழுத வேண்டும் என்பது என் ஆசை.

அச்சகம், செவ்வாய்ப்பேட்டை

வணக்கம். சுருக்கமாக ஒன்றைச் சொல்கிறேன். ஆனால் இது கடைசி வாரத்தில் உங்கள் கழுத்தைப் பிடிக்கக்கூடிய விஷயம். பிள்ளைகள் கட்டுரையைத் தட்டச்சு செய்யக் கடைக்குப் போனால், பல கடைகளில் இன்றும் பாமினி எழுத்துருவில்தான் அடித்துத் தருவோம். அச்சுக்கு அது போதும். இணையத்தில் ஒட்டினால் வெறும் ஆங்கில எழுத்துக் குப்பையாக நிற்கும். "யூனிகோடில் அடித்துக் கொடுங்கள்" என்று சொல்லி அனுப்புங்கள்; எந்தக் கணினியிலும் தமிழாகவே தெரியும் பொதுக் குறியீட்டு முறை அது. பழைய கோப்பை மாற்றி எடுத்தாலும் ஒரு முறை கண்ணால் பார்க்க வேண்டும். துணைக்காலுக்குப் பதில் 'ர' விழுந்து 'மாவு' என்பது 'மரவு' ஆகிவிடும். திரையில் சட்டென்று தெரியாது. ஆனால் தேடுபவர் 'மாவு' என்று தேடினால் அந்தப் பக்கம் கிடைக்காது. 'ஔ' எழுத்தை 'ஒ' போட்டு 'ள' சேர்த்து அடிப்பதும் இதே வகைப் பிழை.

முடிந்தால் பிள்ளைகள் கைப்பேசியிலேயே தமிழில் தட்டச்சு செய்யட்டும். கடைக்கு வரும் காசும் மிச்சம்.

கணினி ஆசிரியை, சேலம்

எல்லாருக்கும் நன்றி. அட்டை முறையை இந்த வாரம் செய்து பார்த்தோம். 170 எதிர்பார்த்தோம், 152 வந்தன. வகுப்பறை மேசைகளை ஓரமாகத் தள்ளிவிட்டுத் தரையில் பரப்பினோம். எங்கள் பட்டியலில் முதலிடத்தில் இருந்த "ஜவ்வரிசியின் வரலாறு" பற்றி மூன்றே பேர்தான் கேட்டிருந்தார்கள். மிகப் பெரிய குவியல் அடுப்படியிலிருந்து வந்தது. "பாயசத்தில் போட்டால் ஏன் கரைந்து கூழாகிறது?", "மாவு ஜவ்வரிசிக்கும் நைலான் ஜவ்வரிசிக்கும் என்ன வித்தியாசம்?", "வடாத்துக்கு எதை வாங்குவது?" என்று அம்மாக்களும் அத்தைமார்களும் கேட்டிருந்தார்கள். இரண்டாவது குவியல் எனக்குத் தயக்கம் தருவது: "வெள்ளையாக இருக்க மருந்து போடுகிறார்களாமே, உண்மையா?" இதை 21 பேர் கேட்டிருந்தார்கள். மூன்றாவது, "வடநாட்டுக்காரர்கள் ஏன் இவ்வளவு வாங்குகிறார்கள்?" என்பது. விரத நாளில் ஜவ்வரிசியில் சாபுதானா கிச்சடி சமைப்பார்கள் என்பது பாதிப் பிள்ளைகளுக்குத் தெரியவில்லை.

வெளுப்பான் பற்றிய கேள்வியை என்ன செய்வது என்று தெரியவில்லை. ஆலையைப் பார்க்க அனுமதி தரும் உரிமையாளரின் மனம் நோகுமே என்று தோன்றுகிறது. பள்ளித் தளத்தில் இதைத் தொடலாமா?

ஓய்வுபெற்ற ஆலை மேற்பார்வையாளர்

அம்மா, தொடத்தான் வேண்டும். 21 பேர் கேட்ட கேள்வியைத் தளம் ஒதுக்கினால், மற்றப் பக்கங்களையும் அவர்கள் நம்ப மாட்டார்கள்.

ஆனால் எழுதும் முறை முக்கியம். முதலில் வேலை நடக்கும் வரிசையைப் பிள்ளைகள் கண்ணால் பார்க்கட்டும். கிழங்கு லாரியிலிருந்து இறங்கும். தோல் சீவி, கழுவி, தண்ணீர் விட்டு அரைப்பார்கள். அந்தப் பாலை வடிகட்டித் தொட்டியில் விட்டால் மாவு அடியில் படியும். மேல் தண்ணீரை இறுத்துவிட்டு ஈரமாவைப் பாளமாக வெட்டி எடுத்து உடைப்பார்கள். அதைக் குலுக்கும்போதுதான் மாவு மணியாகத் திரளும். முன்பு தூளி போலத் துணியைக் கட்டி ஆட்டுவார்கள். நான் வேலைக்குச் சேர்ந்த நாளில் அந்தத் தூளிச் சத்தம் வாசல்வரை கேட்கும். இப்போது இயந்திரம். திரண்ட மணியை எண்ணெய் தடவிய சூடான தட்டில் வறுத்தால் மாவு ஜவ்வரிசி. நீராவியில் வேக வைத்தால் நைலான் ஜவ்வரிசி. பிறகு களத்தில் வெயில். உங்கள் அடுப்படிக் குவியலின் பாதிக் கேள்விகளுக்கு விடை இந்த இடத்தில் இருக்கிறது. வறுத்ததும் வேக வைத்ததும் தண்ணீரில் ஒரே மாதிரி நடந்துகொள்ளாது.

தண்ணீர் சுத்தமாக, தோல் முழுதும் நீங்கி, மாவு நன்றாகப் படிந்தால் கிடைப்பது சற்று மங்கலான வெண்மை. பளீரென்ற வெண்மை வேண்டும் என்று சந்தை கேட்கும்போதுதான் வெளுப்பானின் ஆசை வருகிறது. உணவுப் பாதுகாப்புத் துறை இதற்காகச் சோதனை நடத்தி வருவது ஊரறிந்தது. பிள்ளைகள் யாரையும் பெயர் சொல்லிக் குற்றம் சாட்ட வேண்டாம். ஊர்ப் பேச்சையும் உண்மையாக எழுத வேண்டாம். உணவுப் பாதுகாப்பு அலுவலரிடம் கேள்வியை எழுத்தில் கொடுத்து எழுத்தில் பதில் வாங்குங்கள். ஆலை உரிமையாளரிடமும் அதே கேள்வியை முன்கூட்டியே சொல்லிவிட்டுக் கேளுங்கள். நேர்மையாகத் தொழில் செய்பவர் இந்தக் கேள்விக்கு மனம் நோக மாட்டார். பதில் சொல்ல ஒரு வாய்ப்புக் கிடைத்தது என்றுதான் நினைப்பார்.

போகும் நாளையும் பார்த்துக்கொள்ளுங்கள். மழை மூட்டமாக இருந்தால் களம் வெறிச்சோடிக் கிடக்கும். வெள்ளைக் களத்தில் பலகையால் ஜவ்வரிசியைக் கிளறும் காட்சி கிடைக்காது. நல்ல வெயில் நாளில் காலையிலேயே வந்துவிடுங்கள்.

நூலகர், ஏற்காடு

ஐயா சொன்னதில் ஒன்று மட்டும் எனக்கு உடன்பாடில்லை. வெளுப்பான் பற்றிய பக்கத்தைப் பிள்ளைகள் தனியே எழுதக் கூடாது. ஆசிரியை உடனிருந்து வரிவரியாகப் பார்க்க வேண்டும். பதினாறு வயதுப் பிள்ளையின் ஒரு சொல் தவறினால், அதன் சுமை அந்தப் பிள்ளையின் தலையில் விழக் கூடாது.

வரலாற்றைக் கேட்டவர்கள் மூவரே என்றாலும் அதை முழுதும் விட்டுவிடாதீர்கள். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் கப்பலில் வந்துகொண்டிருந்த வெளிநாட்டு ஜவ்வரிசி நின்றபோது இங்கே இந்தத் தொழில் பிறந்தது. 1981இல் உற்பத்தியாளர் கூட்டுறவான சேகோசர்வ் தொடங்கியது. 2023இல் சேலம் ஜவ்வரிசிக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. இவ்வளவும் ஒரு சிறு பக்கத்தில் அடங்கும். அதற்குமேல் இழுக்க வேண்டாம்.

இணைய வடிவமைப்பாளர், அம்மாபேட்டை

வணக்கம் மிஸ். நான் நெசவாளர் வீட்டுப் பிள்ளை. தறியில் பாவு ஏற்றும் முன் நூலை எண்ணி வைப்பதைப் பார்த்து வளர்ந்தவன். என் தொழிலிலும் அதே பழக்கம்தான் காப்பாற்றுகிறது. எனவே, எழுத்து முழுதும் முடிந்து சரிபார்க்கப்படும்வரை யாரும் நிறத்தையும் எழுத்துருவையும் பற்றிப் பேசக் கூடாது என்று வகுப்பில் ஒரு விதி வையுங்கள். ஒவ்வொரு பக்கத்தையும் வெறும் எழுத்தாக ஒரு கோப்பில் வைத்து, முதல் வரியில் அந்தப் பக்கம் விடை சொல்லும் கேள்வியை எழுதுங்கள். விடையின் சாரம் முதல் பத்தியிலேயே வந்துவிட வேண்டும். அத்தை அடுப்படியில் ஒரு கையில் கரண்டியும் ஒரு கையில் கைப்பேசியுமாகப் படிப்பார். அவரை மூன்று பத்தி காத்திருக்கச் செய்யக் கூடாது.

படங்களைப் பற்றி: கைப்பேசிப் படம் ஒன்று நான்கைந்து எம்.பி. இருக்கும். அகலத்தை 1200 புள்ளிகளுக்குக் குறைத்தால் பெரும்பாலும் 200 கே.பி.க்குள் அடங்கிவிடும். படம் எடுத்த அன்றே அட்டவணையில் எடுத்தவர், இடம், அனுமதி மூன்றையும் குறியுங்கள். பார்வையற்றோருக்காகப் படத்துக்கு மாற்றுரை எழுதுவதும் உள்ளடக்க வேலைதான். அதைக் கடைசியில் நிரலெழுதுபவரிடம் தள்ளினால் "படம் 3" என்று போட்டுவிடுவார். "பெண் ஒருவர் களத்தில் பலகையால் ஜவ்வரிசியைக் கிளறுகிறார்" என்று நேரில் பார்த்த மாணவர்தான் எழுத முடியும். இணையத்திலிருந்து படம் எடுப்பதாக இருந்தால் விக்கிமீடியா காமன்ஸ் போன்ற இடங்களில் எடுத்து, எடுத்தவர் பெயரையும் உரிம வகையையும் படத்துக்குக் கீழே போடுங்கள். தேடலில் கிடைத்தது என்பதால் மட்டும் ஒரு படம் நமக்கு உரியதாகிவிடாது.

பக்க முகவரியைத் தமிழில் வைக்கப் பிள்ளைகள் ஆசைப்படுவார்கள். உலாவியில் அழகாகத் தெரியும். ஆனால் அதை நகலெடுத்து வேறிடத்தில் ஒட்டும்போது பல நேரம் உடைந்துவிடும். 'சேலம்' என்ற மூன்றெழுத்து, யூனிகோடில் ஐந்து குறியீடுகள். ஒவ்வொன்றும் மூன்று பைட்டு. முகவரியில் விரியும்போது 45 குறிகளாக நீளும். முகவரியை ஆங்கில எழுத்தில் சுருக்கமாக வைத்து, தலைப்பைத் தமிழில் வைப்பதே இப்போதைக்கு நல்லது. இது என் விருப்பம் அன்று; அனுபவத்தில் அறிந்தது.

முகம் தெரியும் படங்களில் கவனம் தேவை. 2023ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயதுக்குக் கீழுள்ளவர்களுக்குப் பெற்றோரின் ஒப்புதலைக் கேட்கிறது. மாணவர் பெயர்களை முதலெழுத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். ஆலைத் தொழிலாளர்களிடமும், படம் எங்கே வரும் என்பதைக் கைப்பேசியில் காட்டிவிட்டுச் சம்மதம் கேளுங்கள்.

கணினி ஆசிரியை, சேலம்

இரண்டு வாரம் கழித்து எழுதுகிறேன். பக்கங்களை ஒன்பதாகக் குறைத்துவிட்டோம். அடுப்படிக் கேள்விகளுக்கு மூன்று, ஆலைக்கு இரண்டு, காட்டுக்கு ஒன்று, வெளுப்பானுக்கு ஒன்று, வரலாற்றுக்கு ஒன்று, சொல் விளக்கத்துக்கு ஒன்று. சொல் விளக்கப் பக்கம் ஏத்தாப்பூர் நண்பரின் கடிதத்திலிருந்து பிறந்தது. கரணை, பாயிண்ட், திப்பி, களம் என்று இதுவரை 27 சொற்கள் சேர்ந்திருக்கின்றன. பக்கத்துக்கு நால்வர் வீதம் வைத்தால் 34 பேருக்கு இரண்டு இடம் மிஞ்சியது. அந்த ஒன்பது குழுக்களில் இரண்டில் மூவராக இருக்கிறார்கள், வெளுப்பான் பக்கத்தில் நால்வரோடு நானும் உட்காருகிறேன். குறிப்பேட்டை நூலகர் ஐயா சொன்ன மூன்று பத்தியில் வைத்திருக்கிறோம்.

சனிக்கிழமை நல்ல வெயில். ஆலைக்குப் போய் வந்தோம். உரிமையாளரிடம் வெளுப்பான் கேள்வியை முதலிலேயே சொல்லியிருந்ததால் அவர் தயாராக இருந்தார்; தண்ணீர் வடிகட்டும் இடத்தையும், கழிவுநீரிலிருந்து எரிவாயு எடுக்கும் தொட்டியையும் அவரே கூட்டிச்சென்று காட்டினார். உணவுப் பாதுகாப்பு அலுவலகத்துக்கு எழுதிய கடிதத்துக்கு இன்னும் பதில் வரவில்லை. வரும்வரை அந்தப் பக்கம் காத்திருக்கும்.

பனை மரம் என்று எழுதிய மாணவி, பாட்டியைப் பள்ளிக்கே அழைத்து வந்தாள். அவர் ஒரு கைப்பிடி ஜவ்வரிசியை மேசையில் கொட்டி, விரலால் பரப்பி, ஒரு மணியை நகத்தால் நசுக்கிக் காட்டினார். வெளியே காய்ந்து உள்ளே ஈரம் இருந்தால் நகத்தில் ஒட்டும். முழுதும் காய்ந்தது தெறிக்கும். களத்திலிருந்து எடுக்கலாமா என்பதை அப்படித்தான் தீர்மானிப்பார்களாம். மாணவி அதை எழுதியிருக்கிறாள். குறிப்பேட்டின் இரண்டாம் பத்தியில் "பாட்டி" என்றும், மூன்றாம் பத்தியில் ஆலை மேற்பார்வையாளர் என்றும் இருக்கிறது. அந்த வரைவை அப்படியே கீழே தருகிறேன். ஓய்வுபெற்ற மேற்பார்வையாளர் ஐயா ஒரு முறை பார்த்துத் தவறிருந்தால் சொல்ல வேண்டும்.

"ஜவ்வரிசி காய்ந்துவிட்டதா என்று எப்படித் தெரியும்? ஒரு மணியை எடுத்துக் கட்டைவிரல் நகத்தால் நசுக்க வேண்டும். நகத்தில் மாவு ஒட்டினால் இன்னும் வெயில் வேண்டும். தெறித்து உடைந்தால் அள்ளலாம். கருவி எதுவும் இல்லாத நாளிலும் களத்தில் வேலை செய்தவர்கள் இப்படித்தான் பார்த்தார்கள்."

ஓய்வுபெற்ற ஆலை மேற்பார்வையாளர்

சரியாக இருக்கிறது அம்மா. ஒன்றே ஒன்று: "ஒரு மணி" என்பதை "களத்தின் நான்கு மூலையிலிருந்தும் நடுவிலிருந்தும் ஒவ்வொரு மணி" என்று மாற்றச் சொல்லுங்கள். நிழல் விழும் மூலை பிந்திக் காயும். பாட்டியிடம் கேட்டால் அவரும் அதைத்தான் சொல்வார்.